திசை வசையான கதை

அன்புள்ள கண்ணு,

"வடக்கன்னா வடக்கே இருந்து வந்தவன். அதுல என்ன மாமா தப்பு?" என்று போனில் கேட்டாய். ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தத் திசைக் கணக்கே தப்பு. திருப்பூரில் வீரபாண்டியிலும் பல்லடம் ரோட்டோரத்திலும் உள்ள பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் ஓட்டுகிற ஒடிசாக்காரருக்குச் சொந்த ஊர் நாட்டின் கிழக்கே. செக்கிங்கில் நிற்கிற அசாம்காரருக்கு வடகிழக்கே. வீட்டுக்குப் போன் போட்டால் ஒருவர் ஒடியாவில் பேசுவார், ஒருவர் போஜ்புரியில், இன்னொருவர் வங்காளத்தில், ஜார்க்கண்டுக்காரர் சந்தாலியில். எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டி மேலே ஒட்டிய சீட்டுதான் 'வடக்கன்'.

இந்தப் பழக்கம் திருப்பூருக்குப் புதிதும் அல்ல. 1980களிலும் 90களிலும் ஏற்றுமதி பெருகி ஆள் போதாமல் போனபோது மதுரை, தேனி, நெல்லை, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். உள்ளூர்க்காரர் வாயில் அவர்கள் 'தெக்கத்தி ஆளுக'. வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் அந்தப் பேரைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வார்கள்; அந்த இழுப்பிலேயே பதில் இருக்கும். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று 'ஏனுங்', 'வாங்கோ' என்று கொங்குத் தமிழ் பேசுகிறார்கள். 'வடக்கன்' என்றும் சொல்கிறார்கள்.

பம்பாய்க்குப் போன தமிழருக்கும் இதே கதைதான். சென்னை மாகாணத்துக்காரர் என்கிற பொருளில் 'மதராசி' என்பது வெறும் முகவரியாகத்தான் இருந்தது. 1966இல் சிவசேனை தொடங்கி, ஆபீஸ் வேலையெல்லாம் தெற்கத்தியருக்கே போகிறது என்று கிளப்பிவிட்ட பிறகு அந்த முகவரி வசையாயிற்று. கட்டியிருந்த வேட்டியும் லுங்கியும் கூடக் கேலிக்கு ஆளாகிவிட்டன. பிறகு சேனையின் கோபம் உத்தரப் பிரதேச, பீகார் ஆட்கள் பக்கம் திரும்பியது. அங்கே அவர்களை ஏசும் சொல் 'பையா'. இந்தியில் அதற்கு அண்ணன் என்று பொருள். அண்ணன் என்ற சொல்லையே வசையாக்க முடிகிறது என்றால் அகராதியை நம்பி என்ன பயன்? நம்மூர்க் கம்பெனிகளிலும் 'பையா' புழங்குகிறது. ஆனால் தமிழ்க் காதில் அது 'பையன்' என்று விழுவதால், நாற்பது வயது டெய்லரும் இங்கே பையனாகிவிடுகிறார்.

கடல் கடந்தும் இதே கதைதான். மலேசியாவின் பினாங்கில் 1801இல் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கட்டிய பள்ளிவாசலுக்குப் பெயர் கப்பித்தான் கெலிங். கப்பித்தான் என்பது சமூகத் தலைவருக்கு இருந்த பட்டம். கெலிங் என்றால் தென்னிந்தியர். கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்தது என்பார்கள். ஒரு பள்ளிவாசலுக்கு வைக்கிற அளவுக்கு அன்று அது மரியாதையான சொல். பின்னால் ரப்பர்த் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் கூலிகளாகத் தமிழர்கள் கப்பல் கப்பலாகப் போனார்கள். இன்று மலேசியாவில் ஒரு தமிழரைப் பார்த்து 'கெலிங்' என்றால் சண்டை வரும். பள்ளிவாசலின் பெயர் மட்டும் மாறவில்லை.

இடத்தைச் சொல்கிற பெயர் எப்போது கெடுகிறது என்பது இதிலிருந்தே ஓரளவு பிடிபடும். அந்த இடத்து ஆட்கள் குறைந்த கூலிக்கு ஏராளமாக வரும்போது, அல்லது நமக்கு வரவேண்டிய வேலை அவர்களுக்குப் போகிறது என்ற பயம் வரும்போது. சொல் அப்படியே இருக்கும். சொல்பவரும் கேட்பவரும் நிற்கிற இடம்தான் மேலும் கீழுமாகிவிடும். உன் கூட்டாளியை நீ 'லூசு' என்றால் அவன் உன்னை நாலு வார்த்தை திருப்பிச் சொல்லிவிட்டுப் போய்விடுவான். காண்ட்ராக்டர் 'டேய் வடக்கா' என்றால் அந்த டெய்லர் என்ன திருப்பிச் சொல்ல முடியும்? சனிக்கிழமை சம்பளம் அந்தக் காண்ட்ராக்டர் கையிலிருந்துதான் வர வேண்டும். சிரித்துவிட்டுத் தையலைத் தொடர்வார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பலர் 'அவங்களே ஒண்ணும் நினைக்கறதில்ல' என்கிறார்கள்.

நினைக்கிறார்களா இல்லையா என்பது 2023 மார்ச்சில் தெரிந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று சில வீடியோக்கள் பரவின. எங்கெங்கோ நடந்த சம்பவங்களை எடுத்து ஒட்டிய பொய்கள் அவை. பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. அந்த மாநில அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்துப் போனது. போலீசார் கம்பெனி கம்பெனியாகப் போய் பயப்பட வேண்டாம் என்று இந்தியில் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் பலர் ரயிலேறிவிட்டார்கள். ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்தான். ஆனாலும் வருடக்கணக்காக இங்கே வேலை பார்த்தவர்கள் அந்தப் பொய்யை ஏன் உடனே நம்பினார்கள்? தினமும் டீக்கடையிலும் பஸ்ஸிலும் அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு, இந்த ஊர் நம்மை வெறுக்கிறது என்று அவர்கள் ஏற்கெனவே பாதி முடிவுக்கு வந்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. மீதியை வீடியோ முடித்துவைத்தது.

அடுத்த வருடம் எழுத்தாளர் பாஸ்கர் சக்தி இயக்கிய ஒரு படம் வந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு தொழிலாளியைப் பரிவோடு பார்க்கிற படம். அதற்கு வைத்த பெயர் 'வடக்கன்'. தணிக்கைக் குழு அந்தப் பெயரை ஒப்புக்கொள்ளாமல் போகவே 'ரயில்' என்று மாற்றி வெளியிட்டார்கள். இருபது வருடம் முன்னால் இதே தலைப்பை யாரும் ஏறெடுத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு தலைமுறைக்குள் ஒரு சொல் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது, பார்.

இறங்கிய சொல் ஏறியும் வரும். 'புறம்போக்கு' வருவாய்த்துறைச் சொல். தீர்வை போடாமல் ஏரி, குளம், வண்டிப்பாதை, மேய்ச்சல், சுடுகாடு என்று ஊர்ப் பொதுவுக்கு விட்ட நிலம். சொந்த நிலம் இல்லாதவர்கள் குடிசை போட்டதும் அங்கேதான். நொய்யல் ஆற்றங்கரையில் இன்றும் பார்க்கலாம். நிலத்தின் பெயர் மனிதர்மேல் ஏறி வசையானது. 2015இல் எஸ்.பி. ஜனநாதன் தன் படத்துக்கு 'புறம்போக்கு என்கிற பொதுவுடமை' என்று பெயர் வைத்தார். 2017இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று புறம்போக்கைப் பற்றிக் கர்நாடக ராகங்களில் பாடினார். டீக்கடையில் அது இன்னும் வசைதான். ஆனால் சுற்றுச்சூழல் பேசும் பிள்ளைகள் அதைத் தலைநிமிர்ந்து சொல்கிறார்கள்.

சாதிப் பெயர் விஷயத்தில் வழி இத்தனை லேசாக இருக்கவில்லை. ஒரே குடும்பத்துக்குள்ளேயே இரண்டு பதில்கள். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே எடுத்து 1893இல் 'பறையன்' என்று பத்திரிகை தொடங்கினார் இரட்டைமலை சீனிவாசன். அவருடைய மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதருக்கு அந்தப் பெயரே ஆகாது. நாம் பூர்வ பௌத்தர்கள் என்றார். 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகை 'ஒரு பைசாத் தமிழன்'. எம்.சி. ராஜா போன்ற தலைவர்களின் முயற்சியால் 1922இல் மாகாண அரசு தன் ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' என்று எழுத ஆணையிட்டது. யார் செய்தது சரி என்று இன்றும் வாதம் நடக்கிறது. முடிவு செய்யும் உரிமை அந்தச் சொல்லைச் சுமந்தவர்களுக்கு என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி பட்டியல் சாதியினரைப் பிறர் காணும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லி ஏசுவது குற்றம். 'வடக்கன்' என்பதற்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. பேசுகிறவர் நாக்குத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, எப்படித்தான் கூப்பிடுவது என்று அடுத்து கேட்பாய். பேரைக் கேள். பேர் வாயில் நுழையாவிட்டால் ஊரைக் கேட்டுக்கொள். ஒடிசாக்காரர் என்றோ பீகார்க்காரர் என்றோ சொல்வதில் கெடுதல் ஒன்றுமில்லை. வயதில் மூத்தவர் என்றால் 'அண்ணா' போதும். தமிழ் தெரியாதவருக்கும் இங்கே வந்த ஒரு மாதத்தில் அந்தச் சொல் புரிந்துவிடும். பரீட்சை லீவுக்கு வரும்போது கம்பெனிக்குக் கூட்டிப் போகிறேன். கைமடி வேலை பார்க்கிற பையன் ஒருவன் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிக்கொண்டிருக்கிறான். உன் பழைய ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் பரணில் இருந்தால் எடுத்து வா.

அன்புடன்,
உன் மாமன்
வீரபாண்டி