காது மடிந்த பூனை

வட்ட மூஞ்சி, மடிஞ்ச காதுன்னு காலண்டரில் ஒரு பூனையைப் பார்த்திருப்பீங்க. அதன் பெயர் ஸ்காட்டிஷ் ஃபோல்டு.

1961-ல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையில் சூசி என்ற வெள்ளைப் பூனைக்குக் காது மடிந்திருப்பதை வில்லியம் ராஸ் என்ற ஆடு மேய்ப்பவர் கவனித்தார். பிறகு சூசியின் குட்டி ஒன்றை வாங்கி, அவரும் மனைவி மேரியும் வீட்டிலேயே இனம் பெருக்கினார்கள். குட்டி பிறக்கும்போது காது நேராத்தான் இருக்கும். மூணு, நாலு வாரத்தில்தான் மடியும். இது ஓங்கு பண்பு. அதனால் தாய், தந்தை ஒன்றுக்கு இருந்தாலே ஏறக்குறைய பாதிக் குட்டிகளுக்கு வந்துவிடும்.

காது ஏன் மடியுது தெரியுமா? குருத்தெலும்பு சரியாக உருவாகாததால்தான்! அது காதில் மட்டுமா இருக்கு? கால் மூட்டிலும் இருக்கே. அங்கேயும் அதே கோளாறு. மடிந்த காதுப் பூனை இரண்டைச் சேர்த்தால் சில குட்டிகளுக்குக் காலும் வாலும் விறைத்துவிடும். நேர்க்காதுப் பூனையோடு சேர்த்தாலும் மடிந்த காதுக் குட்டிக்கு மூட்டுநோய் தப்பாது. பிரிட்டனின் பூனைச் சங்கம் 1970-களிலேயே இந்த இனத்தைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. அழகா இருக்குன்னு வாங்குறவங்க இன்னும் வாங்குறாங்க.

எங்க வீட்டுப் பூனை மீனைத் தூக்கிக்கிட்டு ஒரே தாவில் மதில் ஏறிடும். அம்மா திட்டுவாங்க. அந்தக் காலண்டர் பூனைகளில் பலதுக்குத் தாவினாலே வலிக்கும்.