சுட்ட ஒளியே சுகம் தரும் ஒளி



தியானப் பகுதி: மாற்கு 8:22-26

பெத்சாயிதாவில் நம் ஆண்டவர் ஒரு குருடனைக் கைபிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் சென்றார். முதல் தொடுதலில் மனிதர் அவனுக்கு மரங்கள் போல மங்கலாகத் தோன்றினர். இரண்டாம் முறை தொட்ட பின்பே தெளிவாகக் கண்டான். ஒரு சொல்லால் சுகமாக்க வல்லவர் இங்கே படிப்படியாகச் செய்தார். கண் மருத்துவத்தில் லேசர் வளர்ந்த விதமும் அப்படியே.

1945 ஜூலையில் ஒரு சூரிய கிரகணம் உண்டாயிற்று. ஜெர்மனியில் அதை வெறும் கண்ணால் பார்த்த மருத்துவ மாணவர் ஒருவரின் விழித்திரையில் சூட்டுத் தழும்பு விழுந்தது. அதைக் கண்ட டாக்டர் கெர்ட் மையர்-ஷ்விக்கெராத், இதே சூட்டை அளவாக வைத்தால் கிழிந்த விழித்திரையை ஒட்டவைக்கலாமே என்று சிந்தித்தார். ஹாம்பர்க் மருத்துவமனையின் கூரையிலிருந்து கண்ணாடிகள் மூலம் சூரிய ஒளியைக் கொண்டுவந்து நோயாளியின் கண்ணுக்குள் செலுத்தினார். மேகம் மூடினால் சிகிச்சை நின்றுவிடும்! எனவே 1950-களில் செனான் விளக்கு வந்தது. 1960-ல் தியோடர் மெய்மன் முதல் லேசரை உருவாக்கினார். 1968-ல் ஆர்கன் லேசர் கண் சிகிச்சைக்கு வந்தது.

வேறொரு வகை லேசருக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற விஞ்ஞானி ரங்கசுவாமி சீனிவாசன். 1981 நவம்பரில், நன்றியறிதல் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை அமெரிக்காவிலுள்ள ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச் சென்றார். அவரும் உடன் ஊழியர்களும் எக்ஸைமர் லேசரை அதன்மேல் செலுத்தியபோது, சுற்றிலும் கருகாமல் சுத்தமாக வெட்டியது. இதைக் கொண்டே கண்ணின் முன்புறப் படலமாகிய கார்னியாவைச் செதுக்கி, மூக்குக் கண்ணாடி இல்லாமல் பார்க்கச் செய்கிறார்கள். 1995-ல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி அளித்தது.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். வார்டில் ஜெபிக்கச் செல்லும்போது, "ஐயா, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு லேசர் வைத்ததும் கண்ணாடியே தேவைப்படவில்லை. எனக்கு மூன்று தடவை வைத்தும் பார்வை வரவில்லையே" என்று கேட்கும் சர்க்கரை நோயாளிகளைச் சந்திக்கிறோம். பதில் சொல்வது எங்களுக்குக் கடினமாயிருக்கிறது.

அவர்களுக்கு வைப்பது வேறு லேசர். சர்க்கரை நோய் நீடிக்கும்போது விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. பிராணவாயு போதாமல் புதிய குழாய்கள் முளைக்கின்றன. அவை பலவீனமானவை, உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கட்டும். ஆகவே டாக்டர் திரையின் ஓரப்பகுதியில் நூற்றுக்கணக்கான சிறு சூடுகளை வைக்கிறார். ஓரத்தை இழந்து நடுப்பார்வையைக் காப்பதே இதன் நோக்கம். இது கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்குமேல் குறைக்கிறது என்று 1976-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று. இப்போது கண்ணுக்குள் போடும் ஊசிமருந்துகளும் உதவுகின்றன. ஆனாலும் இந்த லேசர் மீந்திருக்கும் பார்வையைக் காக்குமேயன்றி, போன பார்வையைத் திருப்பித் தருவதில்லை.

ஆரம்பத்தில் இந்நோய்க்கு வலியில்லை, மங்கலுமில்லை. "நன்றாகத்தானே தெரிகிறது" என்று தாமதிப்பதே பெரிய ஆபத்து. சர்க்கரை நோயுள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பெத்சாயிதா மனிதனைச் சிலர் கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்பதை மறவாதிருப்போம். அவர்களுடைய பெயர் எழுதப்படவில்லை. ஆனால் அவர்களில்லாமல் அவன் ஆண்டவரண்டை வந்திருக்கமாட்டான். உங்கள் காணிக்கையும் அவ்வாறே பலரைக் கூட்டிக்கொண்டு வருகிறது. பணத்தோடு உங்கள் கரத்தையும் கேட்கிறோம்.

சிந்திக்க:
1. நம் சபையில் சர்க்கரை நோயுள்ளவர்கள் யார்? கடைசியாக எப்போது கண் பரிசோதனை செய்தார்கள்?
2. இந்த மாதம் நாம் யாரைக் கைபிடித்து அழைத்து வருவோம்?

ஒளியைப் படைத்த தேவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.