பயிற்சி ஆசிரியைகளும் பள்ளி ஆய்வும்

நம் சங்கக் குடும்பங்களில் பி.எட். படிக்கும் பெண்களும் மருமகள்களும் பெருகி வருகிறார்கள். பயிற்சிக்காகப் பள்ளிக்குச் செல்லும் இவர்களில் பலர் ஒரு சிறு ஆய்வும் செய்து சமர்ப்பிக்க வேண்டியிருக்கிறது. அதற்குச் 'செயலாய்வு' என்று பெயர். வகுப்பில் காணும் ஒரு சிக்கலுக்கு ஆசிரியரே தீர்வு தேடிச் சோதித்துப் பார்ப்பது. கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ஸ்டீபன் கோரி 1953இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

2014ஆம் ஆண்டு விதிமுறைகள் இரண்டாண்டு பி.எட். படிப்பில் பள்ளி அனுபவத்துக்கு 20 வாரம் ஒதுக்கின. அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். கேட்க நிறையத்தான் தெரிகிறது. ஆனால் தேர்வு, ஆண்டுவிழா, பண்டிகை எல்லாம் அதற்குள்தான் வரும். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணப் பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்ப இடம் தருகிறது. அவர்கள் போனால் காலி வகுப்புகளுக்குப் பயிற்சி ஆசிரியைதான். ரயில்வேயில் ஓடும் லைனில் வேலை செய்ய 'பிளாக்' வாங்குவோம். அந்த நேரத்தில் வண்டி வராது. பள்ளிக்கூடத்தில் யாரும் பிளாக் தருவதில்லை!

அடுத்த தடை, மனித மனம். 'இவ்வகுப்பு மாணவர் கணக்கில் ஏன் பின்தங்குகின்றனர்' என்று தலைப்பிட்டால் வகுப்பாசிரியை அதைத் தன் மீதான புகாராகவே படிப்பார். 'கடன் வாங்கிக் கழித்தலில் வரும் பிழைகள்' என்று சுருக்கிக்கொண்டால் அவரே உதவிக்கு வருவார். 402இலிருந்து 157ஐக் கழிக்கச் சொன்னால் சில குழந்தைகள் 355 என்று எழுதும். விடை 245. இது கவனக்குறைவல்ல, ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழிக்கிறது குழந்தை. இந்த ஒரு பிழையைப் பிடித்துத் திருத்தினாலே நல்ல ஆய்வு.

வழிகாட்டிப் பேராசிரியர் சிலர் இரு குழுக்களை ஒப்பிடச் சொல்வார்கள். ஒரே வகுப்பைப் பாதியாகப் பிரிக்கத் தலைமையாசிரியர் சம்மதிப்பது அரிது. ஒரு பாதிக்கு மட்டும் நல்ல முறையில் கற்பித்தால் பெற்றோரும் கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. அப்போது அதே வகுப்புக்கு முன்னும் பின்னும் ஒரே தரத்தில் சோதனை வைப்பதே வழி.

அதிலும் ஒரு பள்ளம் உண்டு. 42 பேர் உள்ள வகுப்பில் முதல் சோதனையை 38 பேர், இரண்டாவதை 33 பேர் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் எழுதியவர் 29 பேராக இருக்கலாம். அந்த 29 பேரை மட்டுமே ஒப்பிட வேண்டும். கணக்குக்குப் பயந்த குழந்தைகள் இரண்டாம் நாள் வராமல் போனால், எதுவும் கற்பிக்காமலே சராசரி ஏறிவிடும்.

நாள் போதாதபோதுதான் சபலம் வருகிறது: பழைய ஆய்வேட்டைப் பார்த்து எண்களை இட்டு நிரப்புவது. தண்டவாள அளவைப் பார்க்காமலே பதிவேட்டில் எழுதுபவனை நாங்கள் வேலையில் வைத்துக்கொள்ள மாட்டோம். 'முன்னேற்றம் தெரியவில்லை' என்ற முடிவும் முடிவுதான். காரணத்தோடு எழுதினால் போதும்.

வட இந்தியாவில் பயிற்சி பெறும் நம் பெண்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. தமிழில் ஐம்பத்தொன்பது, அறுபத்தொன்பது என்று எண்ணின் பெயரிலேயே இலக்கம் தெரியும். ஹிந்தியில் 'உன்சட்' 59, 'உன்ஹத்தர்' 69. தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டும். வேற்றுமொழி வீட்டுக் குழந்தை இவற்றை மாற்றிக் கேட்டு எழுதினால் அது காதின் பிழை, கழித்தலின் பிழை அல்ல. ஆகவே சோதனைக் கணக்குகளை வாயால் சொல்லாமல் கரும்பலகையில் இலக்கத்தில் எழுதிப் போடுங்கள்.