மாசி மாதத்தில் கிணற்று நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தல்

தை பிறந்ததும் மழை முடிந்துவிட்டதெனக் கருதுவது கமக்காரர் பலரின் வழக்கம். ஆயினும் தை, மாசி மாதங்களின் போக்கு ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். 2011 ஆம் ஆண்டு ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் மட்டக்களப்பு வயல்கள் வெள்ளத்தில் அமிழ்ந்தன. 2016 ஆம் ஆண்டின் மாரி பொய்த்தமையால் 2017 இன் தொடக்கத்திற் கடும் வறட்சி நிலவியது. ஆகையால், யாழ்ப்பாணக் குடாநாட்டில் வெங்காயமும் மிளகாயும் செய்யும் நீங்கள் நாளைக் கணக்கிட்டு இறைப்பதை விடுத்து, மண்ணைப் பார்த்து இறைத்தல் வேண்டும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லினுள் இறங்கிய மாரி மழையே ஆண்டு முழுவதும் கிணறுகளில் ஊறுகின்றது. இந்நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழ் ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. எனவே மேலே சிறிது குறையினும் கீழே உவர் பெரிதும் ஏறும். துலா மிதித்த காலத்தில் ஆளின் களைப்பே கிணற்றுக்கு ஓய்வளித்தது, இயந்திரமோ களைப்பதில்லை. ஒரே மூச்சில் நெடுநேரம் இறையாது, காலையிற் சிறிதும் மாலையிற் சிறிதுமாக இறைத்துக் கிணற்றை ஊறவிடுங்கள்.

இறைக்குமுன் வெங்காயப் பாத்தியில் நான்கு விரல் ஆழத்திலும், மிளகாய்ப் பாத்தியில் ஒரு சாண் ஆழத்திலும் மண்ணெடுத்துக் கையில் இறுகப் பிடித்துப் பாருங்கள். உருண்டை உடையாது நின்றால் அன்று இறைக்க வேண்டியதில்லை. காலையில் இலை நனைந்திருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். மாசிப் பனி வேரை எட்டாது.

ஒரு பரப்புக் காணியில் ஓரங்குல மழை பெய்தால் அது ஏறத்தாழ 6,400 லீற்றர் நீராகும். அவ்வளவையும் இறைப்பதற்கு என்ன செலவாகும் என்பதை நீங்களே அறிவீர்கள். மழைமானி இல்லாதோர், வாயும் அடியும் ஒரே அகலமுள்ள தகரப் பேணியொன்றைத் திறந்த வெளியில் வைத்து, மழை விட்டதும் உள்ளே நிற்கும் நீரை அடிமட்டத்தால் அளந்து கொள்ளலாம்.

மிகையாகப் பாய்ச்சும் நீர் வீணாவதோடு நில்லாது, நீங்கள் இட்ட யூரியாவையும் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கே இறங்கும். அக்கிணற்று நீரையே உங்கள் பிள்ளைகளும் பருகுகின்றனர்.

காலபோக வைக்கோல் கிடைப்பின், மிளகாய்க் கன்றுகளின் தண்டில் ஒட்டாதவாறு அடியில் மூன்று அங்குலத் தடிப்பிற் பரப்புங்கள். வெயிலில் மண் விரைந்து காயாது, களையும் குறையும்.

வெங்காயத் தாள் சாயத் தொடங்கியதும் இறைப்பை நிறுத்திவிடுங்கள். அவ்வேளையில் மழை பெய்தால் பாத்தி வரம்பை அன்றே வெட்டி நீரை வடிய விடுதல் வேண்டும். நீர் தேங்கினால் முற்றிய வெங்காயம் அழுகிவிடும்.