பழைய வால்வ் ரேடியோவைக் காப்பாற்ற 10 குறிப்புகள்

கொழும்பில் முறையான வானொலி ஒலிபரப்பு தொடங்கியது 1925 டிசம்பர் 16இல். கடதாசிக் கூம்பு ஸ்பீக்கரை அமெரிக்கப் பொறியாளர்களான ரைஸும் கெலாக்கும் உலகுக்கு விளக்கியதும் அதே 1925இல்தான். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் பங்களா ஹோலில் நின்ற அலுமாரி ரேடியோவுக்கும், லயத்துத் தட்டில் இருந்த சின்னப் பெட்டிக்கும் அந்தக் கூம்புதான் தொண்டை. தாத்தாவின் ரேடியோ பரணில் கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

1. பல வருடம் சும்மா கிடந்த பெட்டியை எடுத்தவுடன் ப்ளக்கில் செருக வேண்டாம். பழைய கப்பாசிட்டர் கசிந்தால் டிரான்ஸ்போமரே கருகிவிடும். முதலில் வால்வ் ரேடியோ தெரிந்த பாஸிடம் காட்டுங்கள்.

2. பல பெட்டிகளின் பின்புறத்தில் வோல்ட் மாற்றும் கட்டை இருக்கும். நம் கரண்ட் 230 வோல்ட். கட்டை 110இல் நின்றால் பெட்டி தாங்காது.

3. கரண்ட் இல்லாத காலத்து லயப் பெட்டிகளில் பல, 90 வோல்ட், 1.5 வோல்ட் பெற்றரிகளில் ஓடியவை. அவற்றைச் சுவர் ப்ளக்கோடு இணைத்தால் வால்வ் இழை நொடியில் போய்விடும். உள்ளே செத்த பெற்றரி இருந்தால் அப்புறப்படுத்துங்கள். அதன் கசிவு தகட்டை அரிக்கும்.

4. ப்ளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின் தங்கியிருக்கும். டிரான்ஸ்போமர் இல்லாத பெட்டிகளில் அடித்தகடே ஷொக் அடிக்கலாம். பின்பலகையை நீங்களாகத் திறக்க வேண்டாம்.

5. 1930களின் பல ஸ்பீக்கர்களில் நிலைக்காந்தம் இல்லை. பெரிய செப்புக்கம்பிச் சுருளில் கரண்ட் பாய்ந்தால்தான் காந்தம் பிறக்கும். அதே சுருள் கரண்டின் இரைச்சலையும் வடிகட்டும். ஆகவே அதைக் கழற்றிவிட்டுப் புது ஸ்பீக்கர் போட்டால் பெட்டி வேலை செய்யாது.

6. பாஸ் பெட்டியைத் திறந்திருக்கும்போது, கூம்பின் இரு பக்கமும் பெருவிரல் வைத்துச் சமமாக, மெல்ல அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தமின்றிப் போய் வந்தால் நலம். 'சர்ர்' என்று உரசினால் உள்ளிருக்கும் சின்னச் சுருள் நடுவிடம் விட்டு விலகியிருக்கிறது.

7. கரப்பான்பூச்சி அரித்த கூம்பை எறிய வேண்டாம். பட்டம் கட்டும் மெல்லிய கடதாசியைக் கிழிசலைவிடச் சற்றே பெரிதாகக் கிள்ளியெடுத்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையால் ஒட்டும்படி பாஸிடம் சொல்லுங்கள். தோட்டத்தில் சும்மா கிடைக்கிறதென்று ரப்பர் பால் பூசாதீர்கள். கூம்பு கனத்தால் குரல் மந்தமாகும்.

8. ஸ்பீக்கரைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியைப் போடவே கூடாது. ஸ்பீக்கருக்குச் சத்தம் அனுப்பும் டிரான்ஸ்போமர் பழுதாகும்.

9. சபரகமுவையில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி அதிகம். வானம் கறுக்கத் தொடங்கும்போதே ப்ளக்கையும் கூரை ஏரியல் கம்பியையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிவிட்டால் கம்பியைத் தொடாதீர்கள்.

10. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பெட்டியை ஈரச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கறையான் ஏறாதபடி செங்கல் மேல் வையுங்கள். பழுதுபார்த்த பெட்டியை வாரம் ஒருமுறை, ஆள் பக்கத்தில் இருக்கும்போது, அரை மணி நேரம் பாட விடுங்கள். வால்வின் சூடு ஈரத்தை விரட்டும். கூம்பில் பூஞ்சணம் பிடிக்காது. தாத்தா கேட்ட அதே குரலைப் பேரப்பிள்ளைகளும் கேட்பார்கள்.