மனிதரில்லாப் படங்களும் மனிதர் துணையும்

ஆன்சல் ஆடம்ஸ் (1902–1984) என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞரின் புகழ்பெற்ற படங்கள் பலவற்றில் பாறையும் பனியும் வானுமே உள. அவற்றைக் காண்போர் அவரை மக்களை விட்டு மலையேறிய தனியர் என்று எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கலிபோர்னியாவிலுள்ள யோசெமிட்டி பள்ளத்தாக்கை அவர் 1916-இல், தம் பதினான்காம் வயதில் முதன்முதற் கண்டார். பெற்றோர் அளித்த கோடாக் பிரௌனி என்னும் சிறு காமிரா கையில் இருந்தது. பியானோ வாசித்தலையே வாழ்க்கைத் தொழிலாகக் கருதியிருந்த அவ்விளைஞர், 1919-இல் சியரா கழகம் என்னும் மலையன்பர் சங்கத்திற் சேர்ந்தார். பள்ளத்தாக்கிற் படக்கடை வைத்திருந்த ஓவியர் ஒருவரிடம் பியானோ ஒன்றிருந்தது. அதிற் பயிலச் சென்ற இடத்திலேதான் அவர்தம் மகள் வர்ஜீனியாவையும் அறிந்தார்.

நிற்க. 1927 ஏப்ரல் 10-ஆம் நாள், ஹாஃப் டோம் என்னும் பெரும்பாறையின் செங்குத்து முகத்தைப் படமெடுக்கக் கருதி, வர்ஜீனியாவும் நண்பர் சிலரும் உடன்வர, பனி படர்ந்த சரிவில் ஏறினார். காமிராவும் முக்காலியும் கண்ணாடித் தகடுகளும் பெருஞ்சுமை. பாறைக்கு எதிரே நின்றபோது எஞ்சியவை இரண்டே தகடுகள். மஞ்சள் கண்ணாடியை லென்சின்முன் இட்டு ஒன்றை எடுத்தார். எடுத்தவுடனே ஐயம் பிறந்தது. பாறையின் உருவம் விழும்; அதன்முன் தாம் உற்ற அச்சமும் வியப்பும் விழுமோ? சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுப்பது. ஆதலால் அச்சில் வானம் ஏறக்குறையக் கருமையாகும். நிழலும் ஆழ்ந்து காணும். வெயில்பட்ட பாறை வெளிப்பட்டு நிற்கும். ஒளி குறைதலின் லென்சு ஐந்து வினாடி திறந்திருத்தல் வேண்டும். கடைசித் தகட்டை அங்ஙனமே எடுத்தார். கண்ட வானம் கருமையன்று. உணர்ந்த வானமே கருமை. இதனை அவருக்குக் கற்பித்தது எந்தப் பள்ளியுமன்று, அப்பாறையே என்பேன்.

ஆயினும் பாறை மட்டும் போதுமோ? அப்படம் அடங்கிய தொகுதி அவ்வாண்டே வெளிவர உதவியவர் ஆல்பர்ட் பெண்டர் என்னும் வணிகர். வர்ஜீனியாவை ஆடம்ஸ் 1928-இல் மணந்தார். கிங்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் காக்கும் பொருட்டு, 1936-இல் கழகத்தார் அவரைப் படங்களுடன் வாஷிங்டனுக்கு அனுப்பினர். அந்நிலம் 1940-இல் தேசியப் பூங்காவாயிற்று. படங்களே அதனைச் செய்தன என்பது மிகை. பல்லாண்டு வாதாடியோர் பலர்.

1943-இல் அவர் சென்ற இடம் மான்சனார். போரை முன்னிட்டு, குற்றமேதும் விசாரியாமல், ஜப்பானிய மரபினரான அமெரிக்கர் ஏறத்தாழப் பதினாயிரவரை அரசாங்கம் அங்கே முள்வேலிக்குள் வைத்திருந்தது. முகாமுக்கு மேற்கே அதே சியரா மலைத்தொடர். அதனையும் அவர் எடுக்காமலில்லை. ஆயினும் அங்கே பெரிதும் எடுத்தவை முகங்கள். ஒவ்வொன்றும் மிக அருகிலிருந்து, பாறையை நோக்கிய அதே கூர்மையுடன் எடுக்கப்பட்டது. போர் முடியுமுன்னரே, 1944-இல், அவற்றைத் தம் நாட்டார் காண நூலாக வெளியிட்டார்.