பெயர்மூலம்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பது நம் முன்னோர் வாக்கு. பெயர்மூலம் பார்க்கலாமா, கூடாதா என்று அவர்கள் சொல்லிவைக்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

நான் சரித்திரப் பேராசிரியன் அல்ல; மருத்துவனும் அல்ல. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, துக்ளகாபாத் யார்டில் வேகன்களுக்கு அடியில் குனிந்து நிமிர்ந்தே பெரும்பாலான சர்வீஸைக் கழித்தவன். சொந்த ஊர் தூத்துக்குடி. என் பெயருக்குப் பின்னால் 'பர்னாந்து' என்று ஒரு வால் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் அது பெர்னாண்டோ ஆகிவிடும்.

தில்லிக்கு வந்த நாள் முதல் அந்த வால் என்னைப் படுத்திய பாடு கொஞ்சம் அல்ல. "ஆப் கோவா ஸே ஹைன் க்யா?" என்று கேட்காத வடநாட்டு நண்பர் கிடையாது. அதையாவது சிரித்து விட்டுவிடலாம். நம்மவர் விழா ஒன்றில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர், "உங்களுக்குத் தமிழ் நன்றாக வருகிறதே! எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்றார். என் தாயிடம் என்று பதில் சொன்னேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சென்ற ஆண்டு என் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு அவன் சொன்னான்: "அப்பா, பர்னாந்து என்னோடு போகட்டும். குழந்தைக்கு இன்ஷியல் போதும். அல்லது எச்சிலை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்புவோம். போர்த்துக்கீசிய ரத்தம் இருந்தால் பெயரை வைப்போம், இல்லாவிட்டால் எடுத்துவிடுவோம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேள்வி நியாயமானது. பெயருக்கும் ரத்தத்திற்கும் என்ன சம்பந்தம்? அதைப் படித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வோம் என்று இறங்கினேன்.

பிலிப்பைன்ஸ் நண்பர் சொன்ன கதை

முதல் வெளிச்சம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கோல் டாக்கானா அருகிலுள்ள திரு இருதயப் பேராலயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிலிப்பைன்ஸ் நாட்டு அன்பர் ஒருவர் அறிமுகமானார். பெயர் டெலா குரூஸ். நம்மைப் போலவே மாநிறம். "ஸ்பெயின் வம்சமோ?" என்று, பிறர் என்னைக் கேட்பது போலவே நானும் கேட்டுவிட்டேன்! அவர் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார். பிறகு புத்தகங்களில் தேடிப் பார்த்தேன்; கதை உண்மைதான்.

பிலிப்பைன்ஸ் தீவுகள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தன. கிறிஸ்தவரான மக்கள் தங்களுக்குப் பிடித்த புனிதர்களின் பெயர்களையும், சிலுவை என்று பொருள்படும் 'டெலா குரூஸ்', புனிதர்களைச் சேர்ந்தவர் என்று பொருள்படும் 'டெ லோஸ் சாந்தோஸ்' போன்ற பெயர்களையும் தாமே சூட்டிக்கொண்டார்கள். ஓர் ஊரில் பாதிப்பேருக்கு ஒரே பெயர். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு பெயர், தம்பிக்கு வேறு. வரி வசூலிக்கும் அதிகாரி திண்டாடிப் போனார்.

1849 நவம்பர் 21 அன்று கவர்னர் ஜெனரல் கிளாவேரியா ஓர் ஆணை பிறப்பித்தார். ஏறத்தாழ 60,000 குடும்பப் பெயர்களை அகர வரிசையில் அச்சிட்டு, அதன் பக்கங்களை மாகாணங்களுக்கும் ஊர்களுக்கும் அனுப்பினார்கள். குடும்பத் தலைவர்கள் வந்து தமக்கு வந்த பக்கத்திலிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் சில ஊர்களில் எல்லாப் பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்கும். அல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் என்ற ஊரில் 'ஆர்' எழுத்துப் பெயர்கள் நிறைந்திருப்பது இதனால்தான். அந்தப் பட்டியலில் ஸ்பானியச் சொற்களோடு உள்நாட்டு மொழிச் சொற்களும் இருந்தன.

ஆகவே அங்கே குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் வரிக் கணக்கின் குழந்தை. 2021-இல் வெளியான பிலிப்பைன்ஸ் மக்களைப் பற்றிய பெரிய மரபணு ஆய்வும் இதற்கு ஒத்தே போகிறது. ஐரோப்பியக் கலப்பு சில நகர்ப்புறத்தாரிடமும், பிகோல் பகுதியினரிடமும், ஸ்பானியக் கலப்பு மொழி பேசும் சவகானோ மக்களிடமும்தான், அதுவும் குறைந்த அளவில், தென்பட்டது.

விதிவிலக்கும் உண்டு. 'கோ' என்று முடியும் பல பிலிப்பைன்ஸ் பெயர்கள் தென்சீனத்து ஹொக்கியன் மொழியில் 'அண்ணன்' என்று மரியாதையாக அழைக்கும் சொல்லிலிருந்து வந்தவை. முன்னாள் ஜனாதிபதி கோரசோன் அக்கினோவின் பிறந்த குடும்பமான 'கோஹுவாங்கோ' அப்படிப்பட்டது. அங்கே பெயரும் சரி, வம்சமும் சரி, சீன முன்னோரையே காட்டுகின்றன. எனவே எல்லாப் பெயரும் பொய் சொல்லும் என்றும் தள்ளிவிட முடியாது.

முத்துக்குளித்துறையில் நடந்தது

இனி நம் ஊருக்கு வருவோம். தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு, வேம்பாறு முதலிய ஊர்கள் அடங்கிய கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். கொற்கை முத்து அக்காலத்தில் உலகப் புகழ் பெற்றது. கிரேக்க மாலுமிகளின் வழிகாட்டி நூலான பெரிப்ளூஸிலும் கொற்கை இடம்பெற்றிருக்கிறது. மதுரைக்காஞ்சி பேசுகிற பரதவர் இக்கடற்கரை மக்களே.

1530-களில் முத்துக்குளிக்கும் உரிமை பற்றிக் கடற்கரையில் கடும் சச்சரவு எழுந்தது. பாதுகாப்பு தேடிய பரதவர், ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகளைக் கொச்சிக்கு அனுப்பிப் போர்த்துக்கீசியரின் உதவியைக் கேட்டார்கள். இந்த ஏற்பாட்டுக்கு வழிகாட்டியவர் ஜுவாம் த குரூஸ் என்ற குதிரை வியாபாரி. பெயரைக் கேட்டால் லிஸ்பனில் பிறந்தவர் என்று தோன்றும். ஆனால் அவர் மலையாளக் கரைச் செட்டி! கோழிக்கோட்டுச் சாமூதிரியால் 1513-இல் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஞானஸ்நானம் பெற்று, அந்தப் பெயரோடு திரும்பியவர்.

1535-இல் தலைவர்கள் கொச்சியில் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1536-இல் பாதிரிமார் கடற்கரைக்கே வந்தார்கள். 1537-க்குள் சுமார் 20,000 பேர் கிறிஸ்தவரானார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் தரும் கணக்கு. புனித சவேரியார் வந்தது அதற்குப் பிறகு, 1542-இல். குமரிக் கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் அளித்ததையும், ஒவ்வொருவருக்கும் புதுப் பெயரை எழுதிக் கொடுத்ததையும் அவரே 1545-ஆம் ஆண்டுக் கடிதத்தில் குறிப்பிடுகிறார்.

ஞானத்தந்தையாக நின்ற போர்த்துக்கீசியரின் பெயரை ஏற்பது அக்கால வழக்கம். இப்படித்தான் பர்னாந்து, கொரைரா, மச்சாடோ, கோமஸ், வாஸ், ரொட்ரிகோ என்ற பெயர்கள் நம் கரையில் இறங்கின. ஆயிரக்கணக்கானவர்கள் ஓரிரு ஆண்டுகளில் ஒரே மாதிரிப் பெயர் பெற்றார்கள் என்றால், அந்தப் பெயர் வந்த வழி தண்ணீர்த் தொட்டிதானே தவிர, திருமணப் பந்தல் அல்ல.

பெயர்களின் பொருளும் சுவையானது. மச்சாடோ என்றால் கோடரி. சில்வா என்றால் காடு. கொரைரா என்றால் தோல் வார். போர்த்துக்கல்லில் 'பெர்னாண்டோ' என்பது பெரும்பாலும் ஆளின் சொந்தப் பெயர். 'பெர்னாண்டோவின் மகன்' என்ற பொருளில் வரும் 'பெர்னாண்டஸ்'தான் அங்கே குடும்பப் பெயர். நம் கரையிலும் இலங்கையிலும் சொந்தப் பெயரே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. அந்தப் பெயரும் போர்த்துக்கீசியருக்குச் சொந்தமானது அல்ல. ஜெர்மானிய இனத்தாரான விசிகோத்துகள் வழியாக அவர்களுக்கு வந்தது. இரவல் கொடுத்தவரும் இரவல் வாங்கியவரே!

இலங்கைக் கிரிக்கெட் வீரர் சமிந்த வாஸின் முழுப் பெயர் நினைவிருக்கிறதா? வர்ணகுலசூரிய பட்டபெந்திகே உஷாந்த ஜோசப் சமிந்த வாஸ். முன்னால் பழைய குலப் பெயர், பின்னால் போர்த்துக்கீசியப் பெயர். இரண்டையும் கழற்றாமல் வைத்துக்கொண்டதால் சரித்திரம் முழுவதும் ஒரே வரியில் நிற்கிறது. எங்களுக்கு முன்பக்கம் உதிர்ந்துபோயிற்று.

ரத்தம் என்ன சொல்லும்?

இப்போது என் மகனின் சோதனைக் குப்பிக்கு வருவோம். ஆண்களிடம் உள்ள ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது. குடும்பப் பெயரும் அதே வழியில்தான் போகிறது. ஆகவே இரண்டும் சேர்ந்தே பயணம் செய்ய வேண்டும் அல்லவா? இங்கிலாந்தில் பிரையன் சைக்ஸ் என்ற பேராசிரியர் தம் பெயரையே கொண்ட 48 ஆண்களைச் சோதித்து 2000-இல் முடிவை வெளியிட்டார். ஏறத்தாழ பாதிப்பேரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. பெயர் தானாக வளர்ந்த நாட்டில் நிலைமை இது. பெயரை மொத்தமாக வழங்கிய இடத்தில் இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

இன்னொரு கணக்கும் உண்டு. 1536 முதல் இன்றுவரை, தலைமுறைக்கு முப்பது ஆண்டு என்று வைத்தால், பதினாறு தலைமுறை. தாய் தந்தை இருவர், பாட்டன் பாட்டி நால்வர் என்று இரட்டித்துக்கொண்டே போனால் பதினாறாவது படியில் 65,536 இடங்கள் வருகின்றன. (ஒரே ஆள் பல இடங்களில் வருவார் என்பது வேறு விஷயம்.) பர்னாந்து என்ற பெயர் அவற்றில் ஒரே ஓர் இடத்தை மட்டும் காட்டுகிறது. மற்ற 65,535 இடங்களில் இருந்தவர்களை, முக்கியமாக எல்லாத் தாய்மார்களையும், அது மறந்துவிடுகிறது.

சோதனைக்கும் எல்லை உண்டு. பத்துப் பன்னிரண்டு தலைமுறைக்கு முந்திய மூதாதையர் பலரின் மரபணுத் துணுக்கு ஒன்றுகூட நம்மிடம் வந்து சேர்ந்திருக்காது. 'போர்த்துக்கல் இல்லை' என்று அறிக்கை வந்தால் ஒரு போர்த்துக்கீசியர்கூட இல்லை என்று ஆகாது. 'சிறிது உண்டு' என்று வந்தால் பெயர் அவர் மூலமாகத்தான் வந்தது என்றும் ஆகாது.

ரயில்வேக்காரன் பாஷையில் சொல்கிறேன். வேகனின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எழுத்து, அது எந்த ரயில்வேயின் கணக்கில் உள்ளது என்று சொல்லும். உள்ளே நிலக்கரியா, கோதுமையா என்று சொல்லாது. சரக்கைப் பார்க்க வேண்டுமானால் கதவைத் திறக்க வேண்டும். அதற்காக அந்த எழுத்து வீண் என்று சுரண்டி எடுத்துவிட்டால், எங்கெல்லாம் போய்வந்த வண்டி என்று தெரியாமல் போய்விடும்.

நம் வீட்டுச் சாவி, சன்னல், மேசை, அலமாரி எல்லாம் போர்த்துக்கீசியச் சொற்கள்தாம். அலமாரி வைத்திருப்பவரைப் பார்த்து, "நீங்கள் தமிழரா?" என்று யாரும் கேட்பதில்லை. அதே கப்பலில் வந்து இறங்கிய பர்னாந்துவை மட்டும் ஏன் கேட்க வேண்டும்? தமிழ் எழுத்துகளில் முதன்முதலாக அச்சான நூல்களை உருவாக்கிய அன்ரிக் அடிகளார் தமிழ் கற்றது இந்தப் பெயர்க்காரர்களின் கடற்கரையில்தான். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. தூத்துக்குடிக்குக் குடிநீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்துவை ஊரார் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். அவர் எந்த ரத்தம் என்று கேட்டுவிட்டா குழாயடியில் குடம் வைத்தார்கள்?

இத்தனையையும் மகனிடம் சொன்னேன். "பெயரை வைப்பதும் எடுப்பதும் உன் விருப்பம். ஆனால் அதை ஆய்வுக்கூடத்தில் கேட்காதே. அந்தப் பெயர் நாம் யாருக்குப் பிறந்தோம் என்று சொல்லவில்லை, நமக்கு என்ன நேர்ந்தது என்று சொல்கிறது" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து விண்ணப்பத்தை என்னிடம் காட்டினான். குழந்தையின் பெயர்: நித்திலா பர்னாந்து. நித்திலம் என்றால் முத்து. உதிர்ந்துபோன முன்பக்கத்தை என் மகன் மீண்டும் பொருத்திவிட்டான். சோதனைக் குப்பி வாங்கும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

வாசக அன்பர்களே! உங்கள் வீட்டிலும் இன்ஷியலுக்குள் சுருண்டு கிடக்கும் ஊர்ப் பெயரோ, பட்டப் பெயரோ, பாட்டனார் பெயரோ இருக்கும். பெரியவர்கள் இருக்கும்போதே அது எப்படி வந்தது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பாட்டிமார்களின் பெயர்களையும் மறக்காமல் எழுதுங்கள். நாளை யாராவது, "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டால், நம் பேரப்பிள்ளைகள் தலைகுனியாமல், சற்று நேரம் எடுத்துக்கொண்டு, முழுக் கதையையும் சொல்லட்டும்.